இருபத்தெட்டு கிலோ பூசணியும் பாண்டிச்சேரிப் பூங்காவும்

சுரக்குடியில் என்னைப்போல் பூசணி விளைவித்தவன் எனக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இதை நானே சொல்லிக்கொள்கிறேனே என்று நினைக்காதீர்கள். கேட்டால் ஊரும் சொல்லும். ஆனால் ஊருக்கு ஆயிரம் வேலை இருக்கிறது, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துப்போகாமல் போயிற்று. அதனால் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. இன்றைக்கு இரண்டு பம்புசெட்டு, மச்சு வீடு, காரைக்கால் கடைத்தெருவில் என் பேரிலேயே ஒரு விதைக்கடை. எப்படி இவ்வளவும் வந்தது என்று கேட்பவர்களிடம் நான் வயலைக் காட்டுவதில்லை. பாண்டிச்சேரியில் தாவரவியல் பூங்கா என்று ஒன்று இருக்கிறது, அதன் வாசலில் ஒருநாள் காலையில் நடந்ததைச் சொல்வேன். நடந்தது 1979-ஆம் ஆண்டு, தை மாதம்.

அப்போது எனக்கு வயது இருபத்தாறு. சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. வாய்க்கால் கரையில் யாரும் கேட்காத இடத்தில் குடிசை போட்டிருந்தேன். குடிசைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பூசணிக்கொடி. நான் சொல்வது வெள்ளைப் பூசணி, மேலே சாம்பல் பூத்தது, கல்யாணச் சாம்பாரில் போடுவது. அந்தக் கொடியில் விட்ட பிஞ்சுகளையெல்லாம் கிள்ளிவிட்டு ஒரே ஒரு பிஞ்சை மட்டும் வைத்துக்கொண்டேன். வாரம் ஒருமுறை சைக்கிளில் கருக்களாச்சேரிக்குப் போய் மீன் கழுவிய தண்ணீரையும் கழிவையும் குடத்தில் கட்டிக் கொண்டுவந்து தூரில் ஊற்றினேன். திரும்பி வரும்போது நாய்கள் என் பின்னால் ஊர்வலமாக வரும். காய்க்கு அடியில் வைக்கோல் மெத்தை, உச்சி வெயிலில் மேலே ஈரச்சாக்கு. நான் படுத்தது வெறும் பாயில், பூசணி படுத்தது மெத்தையில்.

கீழத்தெரு நாட்டாமை தங்கப்பனின் மகள் அல்லி. அவளுக்கு என்மேலும் எனக்கு அவள்மேலும் இஷ்டம் என்பது எங்கள் ஊர் மாடுகளுக்குக்கூடத் தெரியும். ஒருநாள் துணிந்து தங்கப்பனிடமே போய் நின்றேன்.

"உங்கிட்ட என்னடா இருக்கு, பொண்ணு கேக்க வந்துட்ட?" என்றார்.

"பூசணிக்கா இருக்கு மாமா."

கூட உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்த சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. தங்கப்பன் மட்டும் சிரிக்கவில்லை. "பாண்டிச்சேரியில பூங்காவுக்குள்ள காய்கனிப் போட்டி நடக்குதாம்ல? அதுல மொதப் பரிசு வாங்கிட்டு வா. அல்லியத் தர்றேன். வாங்கலைன்னா மறுநாளே நன்னிலத்து மாப்பிள்ளை வீட்டோட வெத்தலபாக்கு மாத்திக்குவேன். அப்பறம் என் தெருப் பக்கம் தல வச்சுப் படுக்கக் கூடாது."

"சரி மாமா" என்றேன். அந்த நிமிடத்தில் மொத்தப் பாண்டிச்சேரியையும் வென்று வருவதாக எனக்கு ஒரு நினைப்பு.

திருமலைராயன்பட்டினத்துப் பீர் மைதீனிடம் ஒரு மெட்டடார் வேன் இருந்தது, வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதைப் பேசினேன். பூங்கா பார்க்க என்று ஊரிலிருந்து பதினான்கு பேர் ஏறிக்கொண்டார்கள். தங்கப்பனும் ஏறினார். "இவன நம்ப முடியாது, கடையில ஒரு கோப்பைய வாங்கியாந்து பரிசும்பான்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். பாண்டிச்சேரியில் இருக்கும் அத்தையைப் பார்க்கப் போகிறேன் என்று அல்லியும் வந்தாள். அப்படி ஓர் அத்தை அவளுக்கு இல்லை என்பது அவள் அப்பாவுக்கே நினைவில்லை.

பூசணி என் மடியில் உட்கார்ந்து வந்தது. முதல் நாள் மண்டித் தராசில் நிறுத்தபோது இருபத்தெட்டு கிலோ. தரங்கம்பாடி தாண்டுவதற்குள் என் கால் இரண்டும் எனக்குச் சொந்தமில்லாமல் போய்விட்டன.

"தம்பி, அதுக்கும் ஒரு ஆள் கணக்குப் போட்டுக்கறேன், எடை ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் இருக்கும்" என்றார் பீர் மைதீன்.

"போட்டுக்குங்க பாய். திரும்பி வரும்போது அதுக்கு மாலையும் போட்டுக் கூட்டியாறேன்."

சீர்காழியில் டீக்குடிக்க நிறுத்தினால் டீக்கடையே எழுந்து வந்து பார்த்தது. சிதம்பரத்தில் ஒரு அம்மாள் தன் குழந்தையை அதன்மேல் உட்கார வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். கடலூரில் ஒருத்தர் தட்டியே பார்த்துவிட்டார். எனக்குத் தலை கால் புரியவில்லை. ஆனால் முன் இருக்கையில் இருந்த தங்கப்பன் ஒவ்வொரு ஊரிலும் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். அது எதற்கு என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒன்பதரை மணிக்குப் பூங்கா வாசலில் போய் இறங்கினோம். பத்து மணிக்குப் பதிவு முடிவு. வாசலை ஒட்டி ஒரு பந்தல், அதற்குள் மேசை, மேசைமேல் மைக். காணாமல் போன குழந்தைகளைக் கூப்பிடுவதும் அங்கேதான், போட்டிக்குப் பேர் கொடுப்பதும் அங்கேதான். மேசைக்குப் பின்னால் தொப்பியும் கண்ணாடியுமாக ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரைப் பிரெஞ்சு மரியாதையில் முசே சவியே என்று கூப்பிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் எத்தா சிவிலில், அதாவது பிறப்பு, இறப்பு, கல்யாணம் பதிகிற சர்க்கார் கச்சேரியில், குமாஸ்தாவாக இருந்தவராம். ஓய்வு பெற்று வருஷக்கணக்கானாலும் பழக்கம் போகவில்லை.

"பெயர்?"

"மருதையன்."

"தகப்பனார் பெயர்?"

"வீராசாமி. இல்லீங்க, செத்துட்டாரு."

"காலஞ்சென்ற வீராசாமி" என்று எழுதினார். "பிறந்த இடம்?"

"வாய்க்கா கரைங்க."

"பூசணி இல்லையப்பா, நீ."

ஒரு காய்க்கு இவ்வளவு எழுதினால் ஒரு மனுஷனுக்கு எவ்வளவு எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே பூசணியை இறக்க வேனுக்கு ஓடினேன். பீர் மைதீன் ஒருபக்கம் பிடித்தார், நான் ஒருபக்கம் பிடித்தேன். அன்று அவர் பெருநாளைக்குத் தைத்த கடுகு நிறப் பெல்பாட்டம் போட்டிருந்தார். அதன் அடிச்சுற்றில் காலுக்கு ஒருத்தர் ஒளிந்துகொள்ளலாம். வாசலுக்கு இருபது அடி இருக்கும்போது தங்கப்பன் குறுக்கே வந்து நின்றார்.

"நில்லு. அப்படியே உள்ள கொண்டு போவாத."

"நேரமாச்சு மாமா."

"சீர்காழில முப்பது பேரு, சிதம்பரத்துல அம்பது பேரு, கடலூர்ல ஒருத்தன் தொட்டே பாத்துட்டான். இத்தன கண்ணோட உள்ள போனா காய் வெடிச்சிப்புடும். பந்தயம் பந்தயந்தான். ஆனா கண்ணுபட்டுத் தோத்தான்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லப்படாது."

புது வண்டி முதல் தடவையாக நெடுந்தூரம் போகிறதே என்று ஒரு சின்னப் பூசணியைத் திருஷ்டி கழிக்கத் தங்கப்பனே எடுத்து வந்திருந்தார். குங்குமமும் சுண்ணாம்பும் கரைத்து ஊற்றி, மேலே கட்டிக் கற்பூரம் கொளுத்தி, அந்தச் சின்னப் பூசணியால் என் பெரிய பூசணிக்குச் சுற்ற ஆரம்பித்தார். பூசணிக்குப் பூசணியால் திருஷ்டி! பூங்காவுக்கு வந்த கூட்டமெல்லாம் உள்ளே போவதை விட்டுவிட்டு வட்டம் கட்டி நின்றது. இடமாக மூன்று, வலமாக மூன்று சுற்றினார். "ஊரு கண்ணு, உறவு கண்ணு, பாண்டிச்சேரி கண்ணு" என்று சொல்லி ஓங்கித் தரையில் போட்டார்.

சும்மா சொல்லக் கூடாது, நல்ல கை. சின்னப் பூசணி சிதறிய வேகத்தில் எரிகிற கற்பூரம் பறந்து போய்ப் பீர் மைதீனின் பெல்பாட்டத்துக்குள் விழுந்தது. சிவப்புத் தண்ணீர் அவர் இடுப்புவரை அடித்தது. "யா அல்லா!" என்று ஒரு துள்ளு துள்ளினார். இரண்டு கையாலும் காலைத் தட்டினார். காலைத் தட்ட இரண்டு கை வேண்டும் என்றால் பூசணியைப் பிடிக்க எந்தக் கை இருக்கும்? இருபத்தெட்டு கிலோவும் என் பக்கம் சாய்ந்தது. நான் பலசாலிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் சாம்பல் பூத்த காய் வழுக்கும்.

தொம் என்றது. ஒரு சத்தம்தான்.

என் ஐந்து மாதம் பாண்டிச்சேரி மண்ணில் ஆறு துண்டாகக் கிடந்தது.  பிறகு பாகூர்ப் பக்கத்திலிருந்து காய் கொண்டுவந்திருந்த ஒரு குடியானவர் "அடேயப்பா, வெத!" என்றார். அவ்வளவுதான். கூடையும் சாக்குமாக நின்றிருந்த விவசாயிகள் எல்லோரும் குந்திவிட்டார்கள். இவ்வளவு பெரிய காயை எவனும் அறுத்து விதை கொடுக்க மாட்டான், இது தானாக உடைந்து கிடக்கிறது, விடுவார்களா? எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அல்லிதான் கூட்டத்துக்குள் புகுந்து, "தள்ளுங்க, இது எங்க காய்" என்று அதட்டி, மிச்ச விதையை முந்தானையில் அள்ளி முடிந்தாள். என் கடைக்கு அதுதான் மூலதனம்.

முசே சவியே பந்தலிலிருந்து எழுந்து வந்து கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "முழுதாக இருந்தால்தான் போட்டியில் வைக்கலாம். இது ஆறு துண்டு. ஆறு பேர் பேரில் வேண்டுமானால் வைக்கலாம்" என்றார். கேலியாகச் சொன்னாரா, சட்டமாகச் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் தங்கப்பனைப் பார்த்தேன். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது, அதை மறைக்க மீசையைத் தடவினார். "நான் என்னடா பண்ணுவேன்? கண்ணு அவ்வளவு பெருசு. உள்ள கொண்டு போயிருந்தா ஆளு தலையில விழுந்திருக்கும். ஆனாலும் பந்தயம் பந்தயந்தான்" என்று சொல்லிவிட்டு, அனுமதிச் சீட்டை நீட்டி உள்ளே போய்விட்டார். அல்லி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், எந்தப் பக்கம் என்று தெரியாமல், நேராகப் பூங்காவுக்குள் நடந்தேன்.

அழுவதற்கு ஓர் இடம் தேடித்தான் போனேன். அந்தப் பூங்கா என்னை அழ விட்டால்தானே! நான் பிறந்ததிலிருந்து பார்த்ததெல்லாம் தென்னை, பனை, புளி, புங்கை. மற்றது எல்லாம் நெல்தான். இங்கே ஒரு மரம் நூறு கால் ஊன்றி நிற்கிறது. ஒரு மரத்தின் பட்டை மலைப்பாம்புத் தோலைப்போல் உரிகிறது. இன்னொன்றில் அடித்தண்டிலேயே பீரங்கிக் குண்டு குண்டாகக் காய் தொங்குகிறது, கூடவே நாகம் படமெடுத்ததுபோலப் பூ. கண்ணாடி அறைக்குள் செடிக்கு வேர்வை வடிகிறது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஒவ்வொரு மரத்தையும் சுற்றினேன். சுற்றச் சுற்றத் தலையும் சுற்றியது. வருத்தம் எந்த மரத்தடியில் என்னை விட்டு இறங்கிப் போயிற்று என்று தெரியவில்லை. ஒவ்வொரு மரத்திலும் தகரத்தில் பேர் எழுதியிருந்தது, தமிழிலும் வேறு எழுத்திலும். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள், பூச்செடிக்குத் தண்ணீர் விடுபவர் ஒருத்தர் "எந்த ஊருங்க?" என்று கேட்டார்.

"சுரக்குடி. இருபத்தெட்டு கிலோ பூசணி என்னோடதுதான்" என்றேன்.

"எங்க அது?"

"வாசல்ல கெடக்கு."

போட்டிக்கு வைத்திருந்த கூடத்துக்கும் போனேன். பட்டுத்துணி விரித்து, பூ வைத்து, நடுவில் ஒரு பூசணி. பக்கத்தில் எடைச்சீட்டு: பதினாறு கிலோ. எனக்குச் சிரிப்பு வந்தது பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. பதினாறு கிலோ! என் பூசணிக்குத் தம்பி என்றுகூடச் சொல்ல முடியாது, தம்பி மகன். சுற்றி நின்றவர்களிடம் "இது என்னங்க, இதுல ஒண்ணேமுக்கா மடங்கு வாசல்ல ஒடஞ்சு கெடக்கு, போய்ப் பாருங்க" என்றேன். ஒருத்தர் போனார், திரும்பி வந்து "ஆமாய்யா, தோலு என் கை மொத்தம் இருக்கு" என்றார். பிறகு பத்துப் பேர் போனார்கள். பிறகு கூடமே காலியாயிற்று. பட்டுத்துணிமேல் இருந்த பதினாறு கிலோவுக்குப் பக்கத்தில் நானும் காவல்காரரும்தான் மிச்சம்.

அந்தச் சந்தோஷத்தில் வழி தவறிவிட்டது. எங்கள் ஊரில் வரப்பு நேராகப் போகும், நேராக வரும். இங்கே பாதையெல்லாம் வட்டம். வாசலுக்குப் போகலாம் என்று எந்தப் பக்கம் நடந்தாலும் அதே நீரூற்றுக்கு வந்து நின்றேன். மூன்றாவது தடவை வந்தபோது அங்கே உட்கார்ந்திருந்த ஒரு குடும்பம் எனக்கு வணக்கம் சொன்னது.

இதற்கிடையில் வாசலில் நடந்ததை எனக்குச் சொன்னவர் பீர் மைதீன். பெல்பாட்டத்தை அலசிக் காயப்போட்டுவிட்டு லுங்கியோடு பந்தலில் உட்கார்ந்திருந்தாராம். என்னைக் காணவில்லை என்று அல்லி பூங்காவை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மேசைக்கு வந்திருக்கிறாள்.

"ஐயா, ஒருத்தரக் காணும். கூப்புடணும்."

"குழந்தையா அம்மா?"

"இல்லீங்க, இருபத்தாறு வயசு. காலையில எழுதுனீங்களே, பூசணிக்கா."

முசே சவியே நோட்டைப் புரட்டி என் பேரைக் கண்டுபிடித்துவிட்டார். "சரி. தேடுகிறவர் பேர்?"

"அல்லி. தங்கப்பன் மகள். சுரக்குடி. இருபத்தொண்ணு."

"காணாமல் போனவர் உனக்கு என்ன உறவு?"

அல்லி முந்தானை முடிச்சைத் திருகினாள்.

"உறவு எழுதாமல் நான் வாசிக்க மாட்டேன் அம்மா. அண்ணனா? மாமனா? ஏதோ ஒன்று சொல்."

"கட்டிக்கப்போறவரு" என்றாளாம். மெதுவாகக்கூட இல்லை, பந்தலுக்கே கேட்கும்படி. பீர் மைதீன் கையிலிருந்த டீ கீழே ஊற்றிக்கொண்டது.

கல்யாணம் என்ற சொல் காதில் விழுந்ததும் அந்தப் பழைய குமாஸ்தாவின் முதுகு நிமிர்ந்ததாம். பிரெஞ்சுச் சட்டத்தில் ஒரு கல்யாணம் நடக்க வேண்டுமானால் முன்கூட்டியே ஊரறிய அறிவிக்க வேண்டும், யாருக்காவது மறுப்பு இருந்தால் வந்து சொல்லலாம் என்றும் சேர்த்து எழுத வேண்டும். ஒரு வாழ்நாள் முழுக்க அதையே எழுதிய கை. மைக்கைத் தட்டினார்.

நான் நான்காவது தடவையாக நீரூற்றுக்கு வந்து நின்றபோது, மரமெல்லாம் பேசியதுபோல நாலாபக்கமும் குரல் வந்தது.

"பொதுமக்கள் அறிய அறிவிப்பது. காரைக்கால் பகுதி, சுரக்குடி கிராமம், காலஞ்சென்ற வீராசாமி குமாரர் மருதையன், வயது இருபத்தாறு, தொழில் விவசாயம். மேற்படி கிராமம், தங்கப்பன் குமாரத்தி அல்லி, வயது இருபத்தொன்று. இவ்விருவரும் திருமணம் செய்துகொள்ள இருக்கிறார்கள். இந்த நிலையில் மேற்படி மருதையன் பூங்காவுக்குள் காணாமல் போயிருக்கிறார். அவரைக் கண்டவர்கள் வாசல் மேசைக்கு அனுப்பவும். இத்திருமணத்தில் ஆட்சேபணை உள்ளவர்கள் அதே மேசைக்கு வந்து தெரிவிக்கலாம்."

நீரூற்றுக் குடும்பத்தின் பெரியவர் எழுந்து நின்றார். "தம்பி, நீங்கதானா அது?"

"நானேதான்."

"அப்ப ஏன் இங்க நாலு சுத்து சுத்துறீங்க? இந்தப் பக்கம் ஓடுங்க!"

ஓடினேன். பாதை வட்டம் என்பதால் பூச்செடிகளுக்கு நடுவே குறுக்கே ஓடினேன், பூங்கா மன்னிக்கட்டும். வழியெல்லாம் சனங்கள் "அதோ மாப்பிள்ள, அதோ மாப்பிள்ள" என்று கை காட்டி அனுப்பினார்கள். வாசலில் கூட்டம் நெரிந்தது. பாதிப் பேர் பூசணித் தோலைப் பார்க்க வந்தவர்கள், பாதிப் பேர் என்னைப் பார்க்க வந்தவர்கள். அல்லி மேசைப் பக்கத்தில் விதை முடிச்சைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவள் பார்த்த திசையில் நானும் பார்த்தேன். தங்கப்பன் வந்துகொண்டிருந்தார்.

ஒரு கையில் கடித்த முறுக்கு, தோளில் துண்டு, நிதானமான நடை. கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. என் நெஞ்சு அடித்த அடி மைக்கில் கேட்டிருக்கும். நேராக மேசைக்குப் போனார்.

"எனக்கு ஆட்சேபண இருக்கு" என்றார்.

முசே சவியே பேனா மூடியைக் கழற்றினார். "பெயர்?"

"தங்கப்பன்."

"உறவு?"

"பொண்ணப் பெத்தவன்."

"ஆட்சேபணை என்ன, சொல்லுங்கள்."

தங்கப்பன் மகளைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. என்னைப் பார்த்தார். நான் தாழ்த்திக்கொண்டேன். வாழ்க்கையில் நான் பேசாமல் நின்ற ஒரே இடம் அதுதான்.

"என்ன வாசிச்சீங்க? தங்கப்பன், தங்கப்பன்னு மொட்டையா! ஊரு பேரு தெரியாதவன் வீட்டுக் கல்யாணமா இது? கீழத்தெரு நாட்டாமை தங்கப்பன்னு வாசிக்கணும். மறுபடி வாசிங்க!"

கூட்டம் கூவிய கூவலில் மரத்திலிருந்த காக்கையெல்லாம் கிளம்பிவிட்டன. பீர் மைதீன் லுங்கியோடு என்னைத் தூக்கிக்கொண்டு ஆடினார், இந்தத் தடவை கீழே போடவில்லை. என்ன நடந்தது என்றால், அறிவிப்பைக் கேட்டுத் தங்கப்பன் கோபமாகத்தான் புறப்பட்டிருக்கிறார். வருகிற வழியில் திருமலைராயன்பட்டினத்து ஜெய்னுலாபுதீன் என்ற கடைக்காரர் மறித்து, "நாட்டாமை, வாசல்ல கெடக்குற அந்தப் பூசணி ஒங்க மாப்பிள்ள வெளைச்சதாமே, மாஷா அல்லா" என்று கையைப் பிடித்துக் குலுக்கினாராம். பத்தடி தள்ளிப் பாகூர்க்காரர். இன்னும் பத்தடி தள்ளி யாரோ ஒரு சட்டைக்காரத் துரை. எல்லோருக்கும் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல வாய் வலித்து, நான்காவது ஆளிடம் "ஆமாங்க, எங்க மாப்பிள்ளதான்" என்று அவரே சொல்லிவிட்டாராம். சொன்ன பிறகு அது நன்றாகத்தான் இருந்தது என்று பிற்காலத்தில் என்னிடம் ஒப்புக்கொண்டார்.

முசே சவியே மறுபடி வாசித்தார். கீழத்தெரு நாட்டாமையையும் சேர்த்து வாசித்தார். தங்கப்பன் விடவில்லை. "பையன் பேருக்கு மின்னாடி இருபத்தெட்டு கிலோன்னு போடுங்க. வெறும் விவசாயம்னா எவனுக்கும் புரியாது." அதையும் சேர்த்து மூன்றாவது முறை வாசித்தார். வைகாசியில் முகூர்த்தம் என்று அங்கேயே நின்று கைவிரலில் கணக்குப் போட்டுச் சொன்னார் என் மாமனார். மூன்று முறை பூங்கா முழுக்கப் பேர் ஒலித்த மாப்பிள்ளை காரைக்கால் பகுதியில் நான் ஒருத்தன்தான். முதல் பரிசு அந்தப் பதினாறு கிலோவுக்குப் போயிற்று. போகட்டும்.

அல்லி கிட்டே வந்து, "எங்க போனீங்க மச்சான், தேடித் தேடிக் கால் போச்சு" என்றாள்.

"மரம் பாத்துக்கிட்டிருந்தேன். குண்டு குண்டாக் காய்க்குது ஒண்ணு. நீ பாக்கலையா?"

"ஒங்களத் தேடுனதுல எந்த மரத்தப் பாத்தேன்?"

"வா, காட்டுறேன்."

இரண்டு பேரும் உள்ளே நடந்தோம். பின்னாலிருந்து தங்கப்பன் குரல், மைக் இல்லாமலே பூங்கா முழுக்கக் கேட்கிற குரல்:

"டேய் மருதையா! அஞ்சடி தள்ளி நட! வைகாசிக்கு இன்னும் நாலு மாசம் கெடக்கு!"

"சரிங்க மாமா!" என்று திரும்பாமலே கத்தினேன். அல்லி ஐந்தடி எவ்வளவு என்று அளந்து பார்த்தாள். பிறகு மூன்றடியில் நின்றுகொண்டாள்.